கோணலுக்கு நேரே ஒரு முக்காலி

இடது கை நடுவிரல் முரசுச் சவ்வின் நட்டநடுவில் ஊன்றியிருந்தது. வலது கை விரல் மடங்கி, விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி, 'டொங்' என்று ஒரு தட்டுத் தட்டியது. கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். நீளக் கைப்பிடி போட்ட திருகுசாவியை எடுத்து, இடப்பக்கத் திருகை ஒரு இழை முடுக்கி, எட்டி அதற்கு எதிரே இருந்த திருகையும் ஒரு இழை முடுக்கினார். மறுபடி நடுவில் விரல், ஓரத்தில் தட்டு. இந்த முறை முகம் மலர்ந்தது. கோவில் மணியை இவரே வார்த்து ஊற்றியதுபோல ஒரு மலர்ச்சி.

"சுத்தம்!" என்றார்.

அறையில் கேட்பதற்கு அவருடைய அக்கா மட்டும்தான் இருந்தாள். "என்ன சுத்தம்? முக்காலிக்குக் கீழ பாரு, ஒரு மாசத்துக் குப்பை," என்றாள். "எந்திரிச்சா பெருக்கலாம். நீதான் எந்திரிக்க மாட்டேங்கறியே."

அவர் வேலை பார்த்த மேற்கத்திய இசைக்குழுவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வாத்தியக் கடையில் பெட்டி தூக்கப் போனவர், பழுது பார்க்கப் பழகி, கடைசியில் இசைக்குழுவின் முரசுகளுக்கெல்லாம் சுருதி சேர்ப்பவராக ஆனார். இளவயதில் ஒருநாள், மூன்று அறை தள்ளி யாரோ தட்டிய முரசில் மயிரிழைக் கீறல் இருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். அன்று கிடைத்த பட்டம் அது. ஒரே ஒருநாள் சொன்னதை வைத்து ஒரு மனுஷன் எவ்வளவு காலம் பிழைக்கலாம் என்பதற்கு அவர் உதாரணம். அதன்பிறகு வீட்டில் எல்லாவற்றையும் காதால்தான் பார்த்தார். மின்விசிறி சத்தத்தைக் கேட்டு மின்சாரக்காரனுக்குப் பாடம் எடுத்தார். மகள் இருமினால் மருத்துவரிடம் போவதற்கு முன்பே இவர் வியாதியைச் சொல்லிவிடுவார். தப்பாகச் சொல்வார், ஆனால் முந்திச் சொல்வார். அவர் மனைவி, கரண்டி கீழே விழுவதற்கு முன்பே பாய்ந்து பிடிக்கப் பழகியிருந்தார். அந்தப் பழக்கத்தோடேயே போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு உலகத்தில் பேசத் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: வட்டமாக இழுத்துக் கட்டிய சவ்வு எப்படி ஆடுகிறது என்பது.

பார்ப்பவர்களுக்குச் சவ்வு சும்மா மேலே போய்க் கீழே வருவதாகத்தான் தெரியும். நடுவில் அடித்தால் அப்படித்தான். முழுச் சவ்வும் ஒன்றாக உப்பி ஒன்றாக அமுங்கும். காற்றை மொத்தமாகத் தள்ளி, இருக்கிற தெம்பை ஒரே மூச்சில் தீர்த்துவிட்டுத் 'தொப்'பென்று அடங்கிவிடும். விளிம்போரம் அடித்தால் கதையே வேறு. ஒரு பாதி மேலே போகும்போது மறுபாதி கீழே போகும். நடுவே குறுக்காக ஒரு கோடு மட்டும் அசையாமல் கிடக்கும். பாதி வீடு சிரித்து, பாதி வீடு அழுகிறபோது, இடையில் எதற்கும் அசையாமல் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார் அல்லவா, அந்த மாதிரி. முரசின் சுருதி இந்த ஒற்றைக்கோட்டு ஆட்டத்தில்தான் இருக்கிறது. அசையாத கோடு நடுவழியாகப் போவதால், நடுவில் விரலை வைத்தாலும் அந்தச் சத்தம் சாகாது. வேண்டாத 'தொப்' மட்டும் செத்துப்போகும். அவர் விரல் வைத்ததன் ரகசியம் அவ்வளவுதான். இதற்கு மேலே இரண்டு கோடு, மூன்று கோடு, வட்டத்துக்குள் வட்டம், வட்டமும் கோடும் சேர்ந்தது என்று ஆட்டங்களுக்குக் கணக்கில்லை.

எல்லாம் உண்மைதான். உண்மையை எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதுதான் பிரச்சினை. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை உட்காரவைத்து, முரசுக்கு அடியில் ஒலிபெருக்கியை வைத்து, சவ்வின்மேல் உப்பைத் தூவிக் காட்டினார். ஒலியைக் கூட்டக் கூட்ட, ஆடுகிற இடத்திலிருந்து உப்பு துள்ளி ஓடி, ஆடாத கோட்டில் போய்ப் படிந்தது. வட்டம் தெரிந்தது, கோடு தெரிந்தது, பூப்போல ஒன்று தெரிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா நன்றாகப் பார்க்கலாமென்று குனிந்தார். கண்ணில் உப்பு தெறித்தது. "பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டேன். உப்பைத் தூவுறாரே!" என்று மாப்பிள்ளையின் அம்மா பிற்பாடு வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியும் கல்யாணம் நடந்தது. காரணம் மாப்பிள்ளை. அவர் அந்த இசைக்குழுவில் முரசு வாசிப்பவர். உப்பு துள்ளியதைப் பார்த்து வாய் பிளந்து நின்ற ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரு நல்ல ரசிகனைத்தான் காதுக்காரர் இப்போது வேலையிலிருந்து துரத்தப் பார்த்தார்.

தெரிந்து செய்யவில்லை. முழங்காலால் செய்தார்.

சில மாதங்களுக்கு முன் அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கவனித்துக்கொள்ள அக்கா வந்து சேர்ந்தாள். அவள் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, நடக்கவைத்தே ஓய்வு பெற்றவள். மடக்கி நீட்டு, எழுந்து நட, இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும் என்று முதல் நாளே சொன்னாள். அவர் எழவில்லை. வலிக்கிறதாம். கைத்தடியை வாங்கி வைத்தாள். அது கதவிடுக்கில் நின்றது. நடக்காததற்கு அவர் வைத்திருந்த பெயர் 'வேலை'. முன்னெல்லாம் முரசைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் தட்டிப் பார்த்துத்தான் சுருதி சேர்ப்பார். இப்போது முரசில் பதித்திருக்கும் கம்பெனி முத்திரை தனக்கு நேரே இருக்கும்படி வைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே கை நீட்டி எல்லாத் திருகையும் முடுக்கி, தனக்கு முன்னால் இருக்கும் ஓரிடத்தில் மட்டும் தட்டிக் கேட்டார். கேட்டது நன்றாக இருந்தது. 'சுத்தம்' என்றார். காது இருக்கும்போது கால் எதற்கு?

அதிலிருந்துதான் பெரிய முரசு மேடையில் அலைய ஆரம்பித்தது. மாப்பிள்ளை மெதுவாக ஒரு நீள ஒலி கொடுத்தால், அது 'ஓங்' என்று நேராகப் போகாமல் 'ஓவ்-ஓவ்-ஓவ்' என்று, இறக்கை வளைந்த மின்விசிறிபோல் தள்ளாடியது. குழுவுக்குப் புதிதாக ஒரு நடத்துநர் வந்திருந்தார். குச்சியை ஆட்டிக் குழுவை வாசிக்கவைக்கும் கண்டிப்பான பெண்மணி. எல்லோரும் மேடம் என்று அழைத்தார்கள். மேடம் இரண்டு ஒத்திகைகளில் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில், "இன்னொரு வாசிப்பாளரைப் பார்த்து வச்சிருக்கேன். இந்த வாரக் கச்சேரிக்குள்ள சரியாகலைன்னா அவரை உட்கார வைப்பேன்," என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு வேறு பிழைப்பு கிடையாது. வேறு எதுவும் தெரியாது என்பது மட்டுமில்லை, வேறு எதிலும் அவருக்கு ஆசையும் இல்லை.

அன்று மதியம் முரசை எடுத்துப்போக அவர் வேனோடு வந்தார்.

"மாமா, நான் நிக்கிற பக்கம் அடிச்சா அலையுது," என்றார் தயங்கித் தயங்கி.

"இங்க வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க," என்று காதுக்காரர் முக்காலியில் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தார். "இப்ப தட்டுங்க."

மாப்பிள்ளை தட்டினார். 'ஓங்' என்று நூல் பிடித்ததுபோல் போனது.

"அலையுதா?"

"இல்ல மாமா."

"அப்ப என்ன தெரியுது?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். மாமனாரிடம் எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று நாலு பேரிடம் நல்ல பெயர் எடுத்தவர். நல்ல பெயர் எடுத்தவர்கள் பாவம், அதைக் காப்பாற்றவே பாதி ஆயுசு போய்விடும்.

"டேய், அவன் நிக்கிற பக்கம்னு சொல்றான். நீ உன் பக்கத்தைக் காட்டுறே," என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"உனக்கு இது புரியாதுக்கா. வட்டத்துக்கு ஏது பக்கம்?"

கேட்க அழகாக இருந்தது. சொன்னவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், வேனில் ஏறியபின் அதையே இன்னொரு முறை சொன்னார்.

ஒத்திகை அரங்கில் தானே வந்து நிரூபிப்பதாக அவர்தான் கிளம்பினார். வேனில் ஏறுவதற்கு அக்காவும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு தோளில் தாங்க வேண்டியிருந்தது. முக்காலியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். வேன் கதவைச் சாத்துவதற்கு முன் அக்கா, "யாருடா அந்த நடத்துநர்? சில்லறை இல்லன்னா பாதி வழியில இறக்கி விடுவாங்களா?" என்று கேட்டாள். பதில் அன்று சாயங்காலமே கிடைத்தது.

மாப்பிள்ளை வாசித்தார். 'ஓவ்-ஓவ்-ஓவ்'. வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் குச்சியைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்று காதுக்காரர் முக்காலியைப் போடச் சொன்னார். எங்கே? வழக்கம்போல முத்திரைக்கு நேரே. அதைப் பதித்த தொழிலாளி எந்த நினைப்பில் இருந்தானோ, வாசிப்பவர் அடிக்கும் இடத்துக்கு நேரே பதிக்காமல், சற்றுப் பக்கவாட்டில் கோணலாகப் பதித்திருந்தான். காதுக்காரர் உட்கார்ந்தார், விரலை ஊன்றினார், தட்டினார். 'ஓங்'. அரங்கம் முழுக்கக் கேட்டது. கறையில்லாத, கோணலில்லாத ஒரு சத்தம்.

"டிரம்ல குத்தம் இல்ல மேடம்," என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் இருக்கிறதே, அதற்கு யார் திருகு வைத்தது? "அடிக்கிற கைதான் ஒரே மாதிரி விழல."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. மேடத்துக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஒருவர் தட்டினால் சரியாக இருக்கிறது, இன்னொருவர் வாசித்தால் அலைகிறது. போதாக்குறைக்குச் சொல்பவர் சொந்த மாமனார். மருமகனுக்கு எதிராகப் பொய் சொல்ல அவருக்கு என்ன வந்தது?

"நாளைக்குக் காலைல கடைசி ஒத்திகை," என்றார் மேடம். "டிரம்மை எடுத்துட்டுப் போய் எதுக்கும் இன்னொரு தடவை பாருங்க. காலைலயும் இப்படியே இருந்தா, மதியத்துலேர்ந்து அந்த இன்னொருத்தர் உக்காருவார். எனக்கு வேற வழியில்ல."

வேனில் மூன்று பேராகத் திரும்பினார்கள்: மாமனார், மருமகன், பின்னால் போர்வை சுற்றிய முரசு. மூவரில் வழி நெடுகப் பேசியது முரசு ஒன்றுதான். ஒவ்வொரு பள்ளத்திலும் லேசாக 'ம்ம்ம்' என்றது. காதுக்காரர் ஒருமுறை தொண்டையைச் செருமி, "மணிக்கட்டைத் தளர்வா விட்டுப் பாருங்களேன்," என்றார். மாப்பிள்ளை, "சரிங்க மாமா," என்றார். இப்படி ஒரு 'சரிங்க' கேட்பதைவிட நாலு வார்த்தை திட்டு வாங்கிவிடலாம்.

வீட்டில் இறங்கியதும் மாப்பிள்ளை முரசை உள்ளே உருட்டி வைத்தார். மாமனாரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முக்காலியில் உட்கார வைத்தார். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளிச்சம் குறைவதற்குள் மகள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"ஏம்ப்பா, அவ்வளவு பேர் முன்னாடி அவர் கை சரியில்லன்னு சொன்னீங்களாமே?"

"என் காதுக்குக் கேட்டதைச் சொன்னேன்மா."

"காது, காது! சின்னதுலேர்ந்து இதே பாட்டு. நான் அழுதா கூட, 'சுருதி ஏறுது பாரு'ன்னீங்க. நாளைக்கு அவருக்கு வேலை போயிடும். தெரியுமா?"

"தெரியும். அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருங்கன்னு சொல்றேன். அது உங்களுக்குப் பொய்யைவிடக் கஷ்டம்."

அவள் அத்தையைப் பார்த்தாள். "அத்தை, நீங்களாவது கேட்கக் கூடாதா?"

"கேட்டேன். வட்டத்துக்குப் பக்கமே இல்லையாம்," என்றாள் அக்கா.

மகள் வந்த வேகத்தில் போனாள். கதவு அறைந்த சத்தத்தில் முரசு தானாக ஒருமுறை முனகியது. காதுக்காரர் அதைக் கவனித்தார். மகள் முகத்தை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

அக்கா விளக்கைப் போட்டாள். கதவிடுக்கிலிருந்து கைத்தடியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"எந்திரி."

"இப்ப வேண்டாம்க்கா. மனசு சரியில்ல."

"மனசு சரியில்லன்னா வாயைத்தான் மூடணும். காலை நீட்டணும். இன்னிக்கு வேன்ல ஏத்தும்போது பார்த்தேன், முட்டி மரக்கட்டை மாதிரி நிக்குது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே உக்காந்தேன்னு வை, குளிப்பாட்டறதுலேர்ந்து கழுவிவிடறது வரைக்கும் நான்தான் செய்யணும். செய்வேன், எனக்குப் புதுசில்ல. உனக்குத்தான் அசிங்கமா இருக்கும்."

காதுக்காரர் கைத்தடியை ஊன்றினார். எழுந்தார். "அம்மா" என்றார். "அம்மா போய்ச் சேர்ந்தாச்சு, அக்காவைக் கூப்பிடு," என்றாள். அறையில் நடக்க இடம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் உடைந்த முரசுகளின் குவியல். நட்டநடுவில் அந்தப் பெரிய முரசு.

"இதைச் சுத்தி நட. விளிம்பைப் பிடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் நிக்காதே."

சுற்ற ஆரம்பித்தார். ஒரு கையில் கைத்தடி, மறுகை விளிம்பில். காலை இழுத்து இழுத்து, அரைவட்டம் போனார், முழு வட்டம் போனார். கை சும்மா இருக்குமா? போகிற போக்கில் விரலை மடக்கித் தட்டினார்.

முக்காலிக்கு முன்னால் தட்டினார்: 'ஓங்'.

இரண்டு எட்டு வைத்து, மாப்பிள்ளை நிற்கும் பக்கம் வந்து தட்டினார்: 'ஓவ்-ஓவ்-ஓவ்'.

நின்றுவிட்டார்.

"நிக்காதேன்னு சொன்னேன்ல," என்றாள் அக்கா.

இன்னும் நகர்ந்து, முக்காலிக்குச் சரியாகப் பக்கவாட்டில் தட்டினார். மறுபடி 'ஓங்', சுத்தம்தான், ஆனால் சுருதி ஒரு இழை கீழே. திரும்பி வந்து மாப்பிள்ளையின் இடத்தில் தட்டினார். தள்ளாட்டம். அக்கா சொல்லாமலேயே இன்னொரு சுற்று போனார். அதற்கும் மேல் இன்னொரு சுற்று. அக்கா அசந்துபோனாள், இத்தனை மாதமாக வராத கால் வந்துவிட்டதே என்று.

என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் அவருக்குப் புரிகிற ஒரே விஷயம் அதுதானே. சவ்வு எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பில் இருந்தால், அந்த ஒற்றைக்கோட்டு ஆட்டத்துக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். எங்கே அடித்தாலும் ஒரே சுருதி. நெடுக்கே இழுப்பு கூடி, குறுக்கே குறைந்துபோனால், ஒரே ஆட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்: நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, சுருதியில் மயிரிழை வித்தியாசத்தோடு. நெடுக்குக்கு நேராக உட்கார்ந்து தட்டினால் அது மட்டும்தான் எழும். அந்த இடம் மற்றதற்கு அசையாத கோடு, அதனால் அது தூங்கும். இரண்டுக்கும் இடையில் நின்று அடிக்கிறவனுக்குத்தான் இரண்டும் சேர்ந்து எழுந்து மல்லுக்கட்டும்.

இவர் இத்தனை நாளாகத் தனக்கு முன்னால் சத்தம் நேராகும்வரை திருகுகளை முடுக்கியிருக்கிறார். அதனால் முரசின் கோணல் போகவில்லை. கோணல் இவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இவர் இருக்கும் இடத்திலிருந்து கேட்டால் எல்லாம் சுத்தம். மற்றவர்கள் நிற்கிற இடத்தில்தான் தள்ளாட்டம். அவரை அறிந்த யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை.

முகம் வெளுத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா பயந்துபோய் நாடி பிடித்துப் பார்த்தாள். நாடி நன்றாகத்தான் இருந்தது.

"என்னடா?"

"மாப்பிள்ளை கை இல்லக்கா. நான் சேர்த்த சுருதி."

"அதைத்தானே அவன் மதியமே சொன்னான்."

"அவர் சொன்னது எனக்குக் கேட்கல."

"பேரு மட்டும் காதுக்காரன்."

காதுக்காரர் திருகுசாவியைக் கேட்டார். சுற்றி நடந்து முடுக்க ஆரம்பித்தார். ஒரு திருகு, எழுந்து நாலு எட்டு, எதிர்த்திருகு, தட்டு, கேள். வேர்த்துக் கொட்டியது. வேலை பாதியில் இருக்கும்போதே பழைய தெம்பு திரும்பிவிட்டது. தெம்போடு பழைய புத்தியும்.

"காலைல சரியா வந்துடும்க்கா. மாப்பிள்ளை வேலை நிக்கும். நான் சொன்னதுக்கப்புறம் கையைத் திருத்திக்கிட்டாருன்னு நினைச்சுக்குவாங்க. யாருக்கும் நஷ்டமில்ல. எதுக்கு வீணா இதைப் போய்ச் சொல்லிக்கிட்டு?"

அக்கா துடைப்பத்தை எடுத்தாள். முக்காலி காலியாக இருந்தது. அதன் கீழே பெருக்க நல்ல சமயம்.

"வார்டுல சில பேர் இருந்தாளுக," என்றாள் பெருக்கிக்கொண்டே. "ஊசியை நரம்புல ஏத்தாம சதையில ஏத்திடுவாளுக. கை வீங்கிடும். 'பேஷண்ட் அசைஞ்சுட்டாரு'ம்பாளுக. அடுத்த ஊசியை ஒழுங்காக் குத்தினா வீக்கம் வத்திடும். அசைஞ்சாருங்கற பேர் வத்தாது. அடுத்து வர்றவளும் அந்த ஆளைத் திட்டிக்கிட்டேதான் குத்துவா."

"இப்ப என்ன, நீ போய்ச் சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்குச் சவ்வும் தெரியாது, சுருதியும் தெரியாது. காலைத் தூக்கு, கீழ பெருக்கணும்."

மறுநாள் காலை அரங்கத்தில் மாப்பிள்ளை வாசித்தார். 'ஓங்' என்று எழுந்த ஒலி, கடைசி வரிசை வரைக்கும் நேராகப் போய், நேராகவே அடங்கியது. மாப்பிள்ளை திகைத்து, முரசையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். மேடம் தலையசைத்தார்.

"பார்த்தீங்களா? கையைக் கவனிச்சு வாசிச்சா வருது," என்றார் மாப்பிள்ளையிடம். "இனிமே உங்க மாமனார் சொல்றதைக் கேட்டு நடந்துக்குங்க. சரி, அடுத்த பகுதி."

காதுக்காரர் முந்தினநாள் கணக்குப் போட்டபடியே நடந்துவிட்டது. வேலை நின்றது. மானமும் நின்றது. இனி சும்மா இருந்தால் போதும். பின்வரிசையில் மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அக்கா, எதில் உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கும், எதில் பிடிக்காது என்று நாற்காலிகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குனிந்து, "சரிங்க மேடம்," என்றார். முந்தினநாள் வேனில் கேட்ட அதே 'சரிங்க'.

காதுக்காரர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"மேடம், அடுத்த பகுதிக்கு முன்னாடி ஒண்ணு."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் அவர் முரசிடம் போய்விட்டார். போனதும் எதிரும் புதிருமாக இரண்டு திருகுகளைத் தளர்த்தினார். மாப்பிள்ளை பதறி, "மாமா, என்ன பண்றீங்க?" என்றார்.

"சும்மா இருங்க மாப்பிள்ளை." முத்திரைக்கு நேரே வந்து நின்று தட்டினார்: 'ஓங்'. மாப்பிள்ளையின் இடத்துக்கு நொண்டி நொண்டி வந்து, அவர் கையிலிருந்த கோலை வாங்கித் தானே அடித்தார். 'ஓவ்-ஓவ்-ஓவ்'.

"இது யார் கை மேடம்? என் கை. அலையுதா? இப்ப அங்க போறேன், பாருங்க. அங்க அலையாது. நேத்து நான் உக்காந்த இடம் அது. உக்காந்த இடத்துலேர்ந்தே சுருதி சேர்த்தேன். நடந்து பார்க்கல. தப்பு என்னோடது, அவர் கை சரியாத்தான் இருக்கு."

சொல்லி முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக இத்தனை பேர் வாயைத் திறக்காமல் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒற்றைக்கோட்டு ஆட்டம் ஏன் இரண்டாகப் பிரிகிறது என்று ஆரம்பித்தார். நெடுக்கு, குறுக்கு, அசையாத கோடு, எல்லாம் வந்தது. வட்டத்துக்குள் வட்டத்துக்குப் போனார். ஒரு கைப்பிடி உப்பு கிடைத்தால் கண்ணாலேயே காட்டிவிடலாம் என்றார். குழல் வாசிப்பவர் ஒருவர் உப்பு எடுக்கப் போவதுபோல நைசாக எழுந்து தேநீர் குடிக்கப் போனார்.

"புரிஞ்சுது," என்றார் மேடம். "நல்லாவே புரிஞ்சுது. நேத்து நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்." இது மாப்பிள்ளைக்கு. பிறகு காதுக்காரருக்கு: "இனிமே சுருதி வாசிக்கிறவரே சேர்த்துக்கட்டும். நின்னு வாசிக்கிறவர், சுத்தி நடப்பார். இப்ப நீங்க தளர்த்தினதை மட்டும் முடுக்கிக் குடுத்துடுங்க. எங்களுக்கு நேரமாகுது."

ஒரே வாக்கியத்தில் இத்தனை வருஷத்து வேலை போனது. காதுக்காரர் வாயைத் திறந்தார். சொல்ல நிறைய இருந்தது. சொல்லாமல் மூடிக்கொண்டார். அவர் வாழ்வில் அது நடந்ததைப் பார்த்தவர்கள் அங்கே இருந்தவர்கள் மட்டும்தான்.

மாப்பிள்ளை, "நான் முடுக்கிடறேன் மாமா, நீங்க உக்காருங்க," என்று திருகுசாவியைக் கேட்டார்.

"உக்காந்துதான் இவ்வளவும் வந்தது," என்றார்.

பிறகு முரசைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். முழங்கால் மடங்க மறுத்தது. கையில் கைத்தடி, கைத்தடியோடு திருகுசாவி. வழியில் வாசிப்பவர்களின் நாற்காலிகள். வயலின்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். மேடம் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேலேயே வைத்துவிட்டார். பின்வரிசையிலிருந்து மகள் எழுந்து வந்தாள். அவர் அடுத்த திருகுக்குப் போகும் வழியில் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரமாகப் போட்டாள்.